எந்த மின்காந்தம் வாங்குவது? பொழுதுபோக்கு மின்னணுவியலாளருக்கான கேள்வி பதில்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமை பின்னேரங்களில் அயல் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். மேசை முழுவதும் பற்றரி, கம்பிச்சுருள், வாசர், ஆணி என்று நிறைந்து கிடக்கும். அந்த மேசையில் பிள்ளைகள் கேட்டவற்றையும், அவர்களுடைய பெற்றோர் தொலைபேசியில் கேட்டவற்றையும் சேர்த்து, மின்காந்தம் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே தந்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழையான மின்காந்தத்தை வாங்கி வருபவர்கள் பெரும்பாலும் கிலோக் கணக்கை மட்டும் பார்த்து வாங்கியவர்கள். காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கப்போகிறது என்று வீட்டிலேயே யோசித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

கடையில் மின்காந்தம் கேட்டால் மூன்று நான்கு விதமாக எடுத்துக் காட்டுகிறார்கள். எது என்ன?

வட்டமாக, போத்தல் மூடி போல, நடுவில் திருகாணித் துளையுடன் இருப்பது பிடிகாந்தம். இரும்புத் தகடு அதன் முகத்தில் ஒட்டிய பிறகு பிடித்து வைத்திருப்பதே அதன் வேலை. தூரத்தில் கிடப்பதை இழுத்து எடுப்பதற்காக அது செய்யப்படவில்லை. சட்டத்துக்குள் சுருளும், சுருளுக்குள் வழுக்கி ஓடும் இரும்புத் தண்டும் இருந்தால் அது சொலனொய்ட். சில மில்லிமீற்றர் தூரம் தள்ளவோ இழுக்கவோ அதுதான் ஏற்றது. கதவுப் பூட்டுக்கென்று விற்கப்படுபவற்றில் ஒரு வகை, நாக்குப் பொருத்திய சொலனொய்ட்தான்.

சென்ற ஆண்டு ஒரு பிள்ளை தன் அப்பம்மாவுக்காக, குறித்த நேரத்தில் சுவாமியறை மணி தானாக அடிக்க ஒரு பொறி செய்ய விரும்பினாள். அவள் வாங்கி வந்தது நல்ல பலமான பிடிகாந்தம். மணியின் நாக்கு அதிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தள்ளி நின்றது. எவ்வளவு மின்னோட்டம் கொடுத்தும் அசையவேயில்லை. சிறிய சொலனொய்ட் ஒன்றை வைத்ததும் முதல் அடியிலேயே மணி கணீரென்று ஒலித்தது. ஆகவே உங்கள் வேலை பிடிப்பதா, நகர்த்துவதா என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

2.5 கிலோ தூக்கும் என்று எழுதியிருந்தது. என் மகனுடைய காந்தம் அரைக் கிலோவைக்கூடத் தூக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

அநேகமாக இல்லை. அந்த 2.5 கிலோ, அதாவது 25 நியூட்டன், நல்ல தடித்த, தட்டையான, பூச்சு இல்லாத இரும்புக் கட்டியை முகத்தோடு முகம் பொருத்தி, நேராக இழுத்துப் பார்த்த கணக்கு. வீட்டில் நாம் அப்படிச் செய்வதில்லை.

இரும்புக்குள் காந்தப் பாயம், அதாவது காந்தக் கோடுகளின் ஓட்டம், சுலபமாக ஓடும். காற்று அதற்குப் பெரிய தடை. வட்டப் பிடிகாந்தத்தில் பாயம் நடு முனையால் வெளியேறி, தகட்டினூடாக ஓடி, வெளி விளிம்பால் திரும்புகிறது. எனவே நீங்கள் விடும் இடைவெளியை அது போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் கடக்க வேண்டும். விசையோ பாய அடர்த்தியின் இருமடியைப் பின்பற்றுகிறது. அடர்த்தி பாதியானால் விசை காலாகிவிடும். பாய அடர்த்தியை அளக்கும் அலகு தெஸ்லா. ஒரு தெஸ்லா அடர்த்தியில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 40 நியூட்டன் கிடைக்கும், அரைத் தெஸ்லாவில் 10தான்.

இதைக் கண்ணால் பார்க்க ஏ4 தாள் போதும். ஒரு தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். காந்தத்தை மேசை விளிம்பில் கவிழ்த்துக் கட்டி, இரும்புத் தகட்டில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, தகடு விழும்வரை கோப்பையால் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு நடுவே ஒரு தாளை வைத்து ஊற்றுங்கள், அடுத்து இரண்டு, அடுத்து நான்கு. எங்கள் மேசையில் பிள்ளைகள் வாய்விட்டு எண்ணுவார்கள். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை சட்டென்று குறுகும். பத்துத் தாள், அதாவது ஒரு மில்லிமீற்றர் வந்ததும் வாளி வெறுமையாக இருக்கும்போதே விழுந்துவிடும். தகட்டின் வண்ணப்பூச்சு, துரு, விளிம்புப் பிசிறு எல்லாம் இந்தத் தாளின் வேலையைத்தான் செய்கின்றன.

இன்னொரு காரணம் தகட்டின் தடிப்பு. அந்த மகன் தூக்கிப் பார்த்தது பால்மா டின்னின் மூடி. அவ்வளவு மெல்லிய தகரம் பாயத்தால் உடனே நிரம்பிவிடும். மிச்சப் பாயத்துக்கு ஓட வழி இல்லை. 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள காந்தத்துக்கு 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள மென்னிரும்புத் தகடு கொடுத்துப் பாருங்கள், வித்தியாசம் கையில் தெரியும்.

துருப்பிடிக்காத உருக்குக் கரண்டி ஒட்டவில்லையே?

சமையலறைப் பாத்திரங்களில் பல 304 வகை உருக்கு. காந்தம் அதைக் கவர்வதில்லை. அலுமினியம், பித்தளை, செம்பு ஆகியவற்றையும் கவராது.

அப்படியானால் எத்தனை கிலோக் காந்தம் வாங்க வேண்டும்?

நேராகத் தொங்கும் சுமைக்கு, தேவையைப் போல் நான்கு மடங்கு எழுதியிருப்பதை வாங்கும்படி சொல்வேன். செங்குத்துச் சுவரில் ஒட்டி நிற்க வேண்டுமானால் அதுவும் போதாது. அங்கே சுமையைத் தாங்குவது உராய்வுதான், அது இழுவிசையின் சிறு பங்கு. பத்து நியூட்டன் இழுக்கும் காந்தம், வழவழப்பான தகட்டில் இரண்டு நியூட்டனுக்கே வழுக்கத் தொடங்கலாம். கீழே ஒரு சிறு படி அல்லது ஆணி வைத்துச் சுமையை அதன்மேல் இருத்தினால் சின்னக் காந்தமே போதுமாகிவிடும். பெரிய காந்தம் தேடுவதைவிட இந்த ஆணி மலிவு. மனிதர் தலைக்கு மேலே எதையும் இவ்வகைக் காந்தத்தில் தொங்கவிடாதீர்கள். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

5 வோல்டா, 12 வோல்டா, 24 வோல்டா?

உங்களிடம் ஏற்கெனவே என்ன மின்வழங்கி இருக்கிறது என்று பாருங்கள், அதற்கு ஏற்றதை வாங்குங்கள். ஒரே உருவத்தில் 5, 12, 24 வோல்ட் என்று மூன்று வகையாகச் செய்கிறார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே வாட், ஒரே விசை; சுற்றியிருக்கும் கம்பியின் தடிப்பும் சுற்று எண்ணிக்கையும்தான் வேறு. 3 வாட் காந்தம் 12 வோல்டில் 250 மில்லிஅம்பியர் எடுக்கும், 5 வோல்டில் 600 எடுக்கும். பழைய தொலைபேசிச் சார்ஜர் இருந்தால் 5 வோல்ட், பழைய ரௌட்டரின் அடப்டர் இருந்தால் 12 வோல்ட். எங்கள் மேசையில் 12 வோல்ட்தான் அதிகம், ஏனென்றால் பாவனை முடிந்த ரௌட்டர் அடப்டர் இல்லாத வீடு வெள்ளவத்தையில் குறைவு.

சதுரமான 9 வோல்ட் பற்றரியை மட்டும் நம்ப வேண்டாம். அதன் உட்தடை அதிகம். சுருளை இணைத்ததும் அழுத்தம் சரிந்துவிடும், சிறிது நேரத்தில் பற்றரியும் தீர்ந்துவிடும்.

சுற்றுகளைக் கூட்டினால் காந்தம் பலமாகும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் இரட்டிப்பாகச் சுற்றியும் பலம் கூடவில்லையே?

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டது. மேசையில் கேட்கப்பட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். புத்தகம் சொல்வது சரி. ஆனால் மின்னோட்டம் மாறாமல் இருந்தால் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. அவன் மாறாமல் வைத்தது மின்னோட்டத்தை அல்ல, 5 வோல்ட் அழுத்தத்தை. சுற்று இரட்டித்ததும் கம்பியின் நீளம் இரட்டித்தது, தடை இரட்டித்தது, மின்னோட்டம் பாதியானது. காந்தத்தின் வலு மின்னோட்டத்தைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி வருவது, அதாவது அம்பியர்-சுற்று. ஒன்று இரட்டித்து மற்றது பாதியானால் பெருக்கம் அப்படியே நிற்கும்.

அவனுடைய உழைப்பு வீண்போகவில்லை. அதே வலுவை இப்போது பாதி மின்னோட்டத்தில் பெறுகிறான். வெப்பமும் பாதி, பற்றரியும் இரண்டு மடங்கு நேரம் நிற்கும். குறித்த அழுத்தத்தில் அம்பியர்-சுற்றைக் கூட்ட வேண்டுமானால் தடித்த கம்பிக்குப் போக வேண்டும். அதைச் சுடாமல் காக்கத்தான் கூடுதல் சுற்று.

இந்தக் கணக்கை உலகம் கற்றுக்கொண்ட கதையும் அழகானது. 1824இல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன், சப்பாத்துத் தைக்கும் தொழில் பழகியவர், லாட வடிவில் வளைத்த இரும்பில் வெறுங்கம்பியை இடைவிட்டுச் சுற்றி, சுமார் 200 கிராம் இரும்பால் 4 கிலோவைத் தூக்கிக் காட்டினார். கம்பிக்கு உறை இல்லாததால் இரும்புக்கு வார்னிஷ் பூசியிருந்தார். சுற்றுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது என்பதால் ஒரே அடுக்குத்தான். அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி கம்பிக்கே உறையிட்டு, அடுக்கடுக்காகச் சுற்றினார். பின்பு ஒரு தனி மின்கலத்துக்குக் குறுகிய சுருள்கள் பலவற்றைப் பக்கம் பக்கமாக இணைப்பது நல்லது, பல மின்கலங்கள் தொடுத்த பற்றரிக்கு நீண்ட ஒரே சுருள் நல்லது என்று கண்டுபிடித்தார். நீங்கள் 5 வோல்ட் சுருளா, 24 வோல்ட் சுருளா என்று கடையில் யோசிப்பது அவர் போட்ட அதே கணக்குத்தான்.

நானே சுற்றிக்கொள்ளலாமா? என்ன கம்பி?

தாராளமாக. மோட்டார் சுருள் கட்டுபவர்களிடம் எனாமல் பூசிய செம்புக் கம்பியை நிறைக்கணக்கில் வாங்கலாம். இங்கே கம்பியின் தடிப்பைக் குறிக்கும் கேஜ் இலக்கம் சொல்லித்தான் கேட்க வேண்டும். தொடங்குபவருக்கு நான் 28ஆம் கேஜைச் சொல்வேன்: விட்டம் 0.376 மில்லிமீற்றர், கையில் அறுந்துபோகாது, வளைக்கவும் கடினமில்லை. அதில் இன்னொரு வசதி உண்டு. ஒரு மீற்றர் கம்பி ஏறத்தாழ ஒரு கிராம் நிறை, தடை சுமார் 0.155 ஓம். ஆகவே 33 கிராம் என்றால் 33 மீற்றர், 5 ஓம். 5 வோல்ட் சார்ஜரில் இணைத்தால் ஒரு அம்பியர், 5 வாட். இது விட்டுவிட்டு இயக்குவதற்கு; நாள் முழுவதும் ஓட வேண்டுமானால் இன்னும் நீளமாகச் சுற்றுங்கள். சுற்றும்போது வீணாவதையும் சேர்த்து 50 கிராம் வாங்குங்கள்.

அகணிக்கு, அதாவது சுருளின் நடுவே இருக்கும் இரும்புக்கு, 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள சாதாரண மென்னிரும்பு போல்ட் போதும். இருபுறமும் கடதாசி மட்டையில் வட்டம் வெட்டிப் பொருத்தி, போல்ட்டின் மேல் ஒரு சுற்று ஒட்டுநாடா சுற்றிவிட்டுக் கம்பியைத் தொடங்குங்கள். 50 மில்லிமீற்றர் நீளத்தில் ஆறு அடுக்கு வந்தால் ஏறத்தாழ 750 சுற்று. கம்பி முனைகளில் எனாமலைச் சுரண்டாமல் விட்டுவிட்டு, காந்தம் வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் மாதம் ஒருவராவது உண்டு. செம்பின் இளஞ்சிவப்பு பளபளக்கும்வரை அரத்தாளால் தேயுங்கள். மல்டிமீற்றர் 5 ஓம் காட்டினால் சுருள் சரி. 2 ஓம் காட்டினால் எங்கோ எனாமல் உரிந்து சுற்றுகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. பழுதா?

இளஞ்சூடு வழமை. விரலை மூன்று நொடி வைத்திருக்க முடியாவிட்டால் அளவு மீறிவிட்டது. கொழும்பில் அறை வெப்பநிலையே 30 பாகையை ஒட்டி நிற்கிறது. குளிர்நாட்டில் எழுதிய அளவுகளை அப்படியே நம்பக் கூடாது. செம்பு சூடாகும்போது அதன் தடையும் ஏறும். 30 பாகையிலிருந்து 80 பாகைக்குப் போனால் தடை ஏறத்தாழ 20 வீதம் கூடும், மின்னோட்டம் குறையும், பிடிவிசை சுமார் 30 வீதம் சரியும். காலையில் பிடித்த கதவு நண்பகலில் நழுவுவது இதனால்தான்.

சொலனொய்டுகளில் பல தொடர்ந்து இயங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இயங்கும் நேரம் 25 வீதம் என்று குறிப்பிட்டிருந்தால், ஒரு நொடி இழுத்தால் மூன்று நொடி ஓய்வு. என் முதல் அலுமாரிப் பூட்டை இரவு முழுவதும் மின்னோட்டத்தில் விட்டுவிட்டேன். விடியும்போது வார்னிஷ் எரிந்த நெடி அறை முழுவதும் பரவியிருந்தது, சுருள் கருகிக் கட்டியாகிவிட்டது. இழுப்பதற்கு முழு அழுத்தம், ஒட்டிய பிறகு மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து, அந்தத் துடிப்புகளின் அகலத்தைக் குறைத்து, மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கொடுத்தால் போதும். இடைவெளி மூடிய பிறகு பிடித்து வைத்திருக்க அதிகம் தேவைப்படாது.

ஆர்டுயினோவில் நேரே இணைக்கலாமா?

கூடாது. ஆர்டுயினோ நிரல் எழுதி இயக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை; அதன் ஒரு முனை பாதுகாப்பாகத் தருவது 20 மில்லிஅம்பியர் அளவு. காந்தம் கேட்பது அதன் பத்து, முப்பது மடங்கு. நடுவே ஒரு மொஸ்பெட் வேண்டும்; அது வாயில் என்ற முனைக்குக் கொடுக்கும் அழுத்தத்தால் திறந்து மூடும் மின்னணு ஆளி. 5 வோல்டிலேயே முழுதாகத் திறக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள், ஐஆர்எல்இசட்44என் அப்படிப்பட்டது. ஐஆர்எஃப்540 மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது முழுதாகத் திறக்க 10 வோல்ட் வேண்டும். அரைகுறையாகத் திறந்து, காந்தத்துக்குப் பதிலாக அதுவே சுடும். வாயிலுக்கும் தரைக்கும் நடுவே 10 கிலோஓம் தடை ஒன்று வைத்தால், ஆர்டுயினோ விழிக்கும் வேளையில் காந்தம் தானாக இயங்காது.

அடுத்து டயோட், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம். சுருளுக்குக் குறுக்கே 1என்4007 ஒன்று, வெள்ளிக் கோடு நேர்முனைப் பக்கம். இது ஏன் என்று பிள்ளைகளுக்கு நான் வாயால் சொல்வதில்லை. விளக்கை அணைத்துவிட்டு, டயோட் இல்லாத சுருளின் கம்பியைப் பற்றரியிலிருந்து எடுக்கச் சொல்வேன். முனையில் ஊசிநுனி போல ஒரு நீலப்பொறி தெறிக்கும். வெறும் 12 வோல்டில் அந்தப் பொறி எழுவதற்குக் காரணம், ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தைச் சுருள் விட மறுப்பதுதான். ஒரு கணத்துக்கு நூற்றுக்கணக்கான வோல்டை எழுப்பியாவது அது ஓடப் பார்க்கும். மொஸ்பெட்டைக் கொல்வது அந்தக் கணம். டயோட் அதற்கு வளைந்து ஓட ஒரு வழி தருகிறது.

மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் ஆணி ஒட்டிக்கொண்டே இருக்கிறது?

அகணியில் எஞ்சிய காந்தம். வலிமை கூட்டிய உருக்கு போல்ட்டில் இது அதிகம், மென்னிரும்பில் குறைவு. காந்த முகத்தில் ஒட்டுநாடா ஒரு துண்டு ஒட்டுங்கள். பிடிவிசையில் கொஞ்சம் போகும், ஆனால் விடும். அதற்கும் விடாவிட்டால், மின்னோட்டத்தின் திசையை மாற்றும் சுற்றான எச்-பாலம் ஒன்றின் மூலம் ஒரு கணம் எதிர்த்திசையில் மின்னோட்டம் கொடுத்து எடுக்கலாம்.

மின்வெட்டு வந்தால்?

சாதாரண மின்காந்தம் கைவிட்டுவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த எங்களுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. வெளியேறும் கதவென்றால் கைவிடுவதே நல்லது, நெருப்பு நேரத்தில் ஆள் உள்ளே சிக்கக் கூடாது. தொங்கும் பொருளோ, பூட்டிய பெட்டியோ என்றால் நிலைக்காந்தம் உள்ளடக்கிய வகையைக் கேளுங்கள். அது மின்னோட்டம் இல்லாதபோது பிடிக்கும், கொடுத்தால் விடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடையிலேயே ஒரு வாசரை வைத்துப் பாருங்கள்.

பழைய கொண்டாக்டரின் 230 வோல்ட் சுருளைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். கொண்டாக்டர் என்பது பெரிய மின்சுமைகளை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த ஆளி; அந்தச் சுருள் ஆடலோட்டத்துக்கு (ஏசி) செய்யப்பட்டது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகத் தொடும் எந்தச் சுருளும் பிள்ளைகளின் மேசைக்கு வரக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து மின்மாற்றி எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். அதிலுள்ள கொள்ளளவி பிளக்கைக் கழற்றிய பிறகும் உயிரைப் பறிக்கக்கூடியது.

இரும்புக் குண்டை அந்தரத்தில் மிதக்க வைக்க முடியுமா?

வெறும் காந்தத்தின் இழுவையால் மட்டும் அசையாமல் மிதக்க வைக்க முடியாது என்று 1842இலேயே இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஏர்ன்ஷோ காட்டிவிட்டார். குண்டின் உயரத்தை உணரி ஒன்று நொடிக்குப் பலநூறு முறை பார்த்து, மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். முதல் வேலையாக இதை எடுக்காதீர்கள். ஒரு பாரந்தூக்கி செய்து கை பழகிய பிறகு வாருங்கள்.

பக்கத்தில் எதை வைக்கக் கூடாது?

காந்தப் பட்டி உள்ள வங்கி அட்டை, கைக்கடிகாரம். இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் இருக்கும் அறையில் இயக்கவே வேண்டாம்.

கொழும்பில் எங்கே வாங்குவது?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம். வெள்ளவத்தையிலிருந்து 100 அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் கடைசித் தரிப்பிடம்வரை போகலாம். ஞாயிறும் போயா நாளும் பல கடைகள் பூட்டியிருக்கும். பழைய சொலனொய்ட் வேண்டுமானால் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம், அவை பெரும்பாலும் 12 வோல்ட்.

சட்டைப்பையில் மல்டிமீற்றரும் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு வாசரும் இருக்கட்டும். உறையில் 12 வோல்ட், 3 வாட் என்றிருந்தால் சுருளின் தடை 48 ஓம் வர வேண்டும்; 12ஐ 12ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் அதுதான். 40க்கும் 55க்கும் நடுவே இருந்தால் எடுங்கள். 10 ஓம் காட்டினால், அது வேறு அழுத்தத்துக்கான சுருள் மாறி உறைக்குள் வந்திருக்கிறது என்று பொருள். முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடு முனையும் வெளி விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மயிரிழை பதிந்திருந்தாலும் அந்த இடைவெளி காந்தத்துடனேயே வீட்டுக்கு வருகிறது. முதலாளி பொறுமையானவராக இருந்தால் அங்கேயே இணைத்து வாசரைப் பிய்த்துப் பார்க்கலாம். எனக்கு யாரும் இதுவரை மறுத்ததில்லை.

வாங்கி ஆறு மாதத்தில் முகம் துருப்பிடித்துவிட்டது. என்ன செய்வது?

கடற்கரையோரம் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது வரும். உப்புக்காற்று ஜன்னலைத் தாண்டி வருகிறது. மிக மெல்லிய அரத்தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் விரித்து, காந்தத்தின் முகத்தை அதில் கவிழ்த்து, எட்டு வடிவில் மெதுவாகத் தேயுங்கள். கையில் பிடித்துத் தேய்த்தால் விளிம்பு உருண்டுவிடும், தட்டைத்தன்மை போய்விடும். பிறகு துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி தடவி, மிச்சத்தை ஒற்றி எடுங்கள். வேலை இல்லாத நாட்களில் மூடியுள்ள டப்பாவில், ஒரு பிடி அரிசியோடு போட்டு வையுங்கள்.